மத்தோக் என்றால் இனிப்பு

அறுபத்து மூணு வயசுல ஒருத்தன் புதுசா ஒரு பாஷை கத்துக்கிட்டா ஊர் என்ன சொல்லும்? "இந்த வயசுலயும் என்ன ஒரு ஆர்வம் பாரு!"ன்னு சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும். உங்ககிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடறேன். நான் ஹீப்ரு கத்துக்கிட்டது அசோகா சாப்பிடறதுக்காக.

அசோகா தெரியுமில்ல? திருவையாத்து அசோகா. பாசிப்பருப்பு, சீனி, நெய். மறுபடியும் நெய். வாழையிலைத் துண்டுல சூடா வச்சுக் கொடுப்பாங்க. நாக்குல வச்சா போதும், அதுவா வழுக்கிக்கிட்டு உள்ள போயிடும். பல்லுக்கு வேலையே கிடையாது.

என் பேர் நீலமேகம். தஞ்சாவூர் - கும்பகோணம் பஸ்ல முப்பத்தொரு வருஷம் கண்டக்டர். பொறந்தது தரங்கம்பாடியில. எங்க அப்பா, தாத்தா எல்லாம் கடலுக்குப் போய் மீன் பிடிச்சவங்க. எனக்கு மட்டும் படகுல கால் வச்சா வாந்தி. அதனால என்னைப் பஸ்ல ஏத்தி விட்டுட்டாங்க. ரிட்டயர் ஆனதும் பாபநாசத்துலயே தங்கிட்டோம். சம்சாரம் சௌந்தரநாயகிக்கு அங்கதான் அங்கன்வாடியில வேலை. இருபத்தெட்டு வருஷம் பச்சைப் பிள்ளைங்களை வரிசையா உக்கார வச்சு, வாயைத் திறக்க வச்சு, முருங்கைக்கீரைச் சாதத்தை உள்ள தள்ளின கை அது. அவளும் ரிட்டயர் ஆயிட்டா. இப்ப அவ கையில மிச்சம் இருக்கற ஒரே பிள்ளை நான்தான்.

போன ஆவணியில கும்பகோணத்துல ரத்தப் பரிசோதனை. "மூணு மாச சர்க்கரை எட்டு புள்ளி ஒன்பது"ன்னார் டாக்டர். நல்ல மார்க்குதானேன்னு நினைச்சேன். சௌந்தரம் முகத்தைப் பார்த்ததும்தான் தெரிஞ்சது, இதுல குறைச்சு வாங்கறவன்தான் பாஸாம்.

பஸ்ல திரும்பி வரோம். தாராசுரம் தாண்டிச்சு, சுவாமிமலை தாண்டிச்சு, அவ வாயே திறக்கலை. வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டு ஹாஃபிஸாகிட்ட கொடுத்துட்டு வந்துட்டா.

"ஏங்க, மாமாவுக்குச் சர்க்கரையால காலை எடுத்தாங்களே, தினம் கட்டு மாத்தினது யாரு?"

"நீதான்."

"எத்தனை மாசம்?"

"எட்டு மாசம்."

"இன்னொரு தரம் என்னால அதைப் பார்க்க முடியாதுங்க."

எங்க அப்பா கட்டுமரத்துல நின்னா அலையே வழி விடும்பாங்க. கடைசி வருஷம் அவர் கட்டிலை விட்டு இறங்கலை. அவரை விட அதிகமா அழுதது இவதான்.

"அடுத்த டெஸ்ட் மார்கழியில. ஏழுக்குக் கீழ வந்தா மாசம் ஒரு அசோகா, என் கையாலயே வாங்கித் தரேன்"ன்னா.

"வரலைன்னா?"

"வரட்டும். அப்ப சொல்றேன்."

அதுக்கு அவ திட்டியே இருக்கலாம். நான் அப்பவே மனசுல சத்தியம் பண்ணிட்டேன், இனிமே இனிப்பையே தொடறதில்லைன்னு. சத்தியம் ஒரு நாள் முழுக்க நின்னுச்சு. மறுநாள் ஜெக்கரியா போன் பண்ணிட்டார்.

ஜெக்கரியா யாருன்னு சொல்லணும். அவரும் தரங்கம்பாடிதான். என் பஸ்ஸுக்கு டிரைவர். பத்தொன்பது வருஷம் அவர் ஓட்ட, நான் விசில் அடிக்க, ஒண்ணா சோறு தின்னவங்க. இப்பவும் அவர் என்னைக் "கண்டக்டரே"ம்பார், நான் அவரை "டிரைவரே"ம்பேன். ரிட்டயர் ஆகி ராஜகிரியில இருக்கார். எங்க வீட்டுலேருந்து மூணு கிலோமீட்டர். அவர் சம்சாரம் மகள் பிரசவத்துக்காக சென்னை போயிருந்தாங்க. மனுஷன் தனிக்காட்டு ராஜா. வாராவாரம் வெள்ளிக்கிழமை ஸ்கூட்டர்ல திருவையாறு போய் அசோகா வாங்கிட்டு வருவார்.

"கண்டக்டரே, நாளைக்கு நாலு மணிக்கு வந்துடுங்க. சூடா..."

அவர் முடிக்கலை. சௌந்தரம் சமையக்கட்டுலேருந்து குரல் கொடுத்தா. "அண்ணே, அவர் வரமாட்டார். நீங்களும் குறைச்சுக்கோங்க."

இங்கதான் என் தலையெழுத்தைப் பாருங்க. முப்பத்தொரு வருஷம் இன்ஜின் பக்கத்துலயே நின்னு எனக்குக் காது மந்தம். போனை ஸ்பீக்கர்ல போட்டாத்தான் கேக்கும். எனக்குக் கேட்டா வீட்டுக்கே கேக்கும்.

முதல்ல விசில்லதான் ஆரம்பிச்சோம். ஒரு விசில்னா நிறுத்து, ரெண்டு விசில்னா போ. ஜெக்கரியா தெருமுனையில நின்னு ரெண்டு விசில் கொடுத்தா நான் கிளம்பணும்னு ஏற்பாடு. அவர் கொடுத்தார். நான் செருப்பை மாட்டினேன். எனக்குப் பின்னாடியே "பீப்"னு ஒரு விசில். திரும்பிப் பார்த்தா என் பழைய விசிலை வாயில வச்சுக்கிட்டு சௌந்தரம் நிக்கிறா. ஜெக்கரியா பழக்க தோஷத்துல பிரேக் பிடிச்சுட்டார்.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். இவளுக்குத் தெரியாத பாஷை ஒண்ணு வேணும். ஆனா எது? இங்கிலீஷா? அங்கன்வாடி ரிப்போர்ட் பூரா அவ இங்கிலீஷ்லதான் எழுதினா. ஹிந்தியா? மத்தியான சீரியலை டப்பிங் இல்லாமலே பார்த்து அழறவ. மலையாளமா? எதிர் வீட்டு நர்ஸ்கிட்ட மீன் குழம்பு வைக்கறது எப்படின்னு கேட்டுக் கேட்டே கத்துக்கிட்டா.

கடைத்தெருவுல பார்த்தப்ப ஜெக்கரியாதான் சொன்னார். "கவலைப்படாதீங்க கண்டக்டரே. தஞ்சாவூர் ஜில்லாவுலயே யாருக்கும் தெரியாத பாஷை என்கிட்ட இருக்கு. எபிரேயம்."

"அது என்ன?"

"நீங்க ஹீப்ரும்பீங்க."

அவர் டிரைவர் ஆகறதுக்கு முன்னாடி ஐயர் ஆகப் படிச்சவர். எங்க ஊர் லுத்தரன் சபையில போதகரை ஐயர்னுதான் சொல்வாங்க. ரெண்டு வருஷம் படிச்சிட்டு, ஸ்டியரிங்தான் எனக்குக் கர்த்தர் காட்டின வழின்னு வந்துட்டார். அப்புறம் சபைக்காரங்களோட பத்து நாள் எருசலேம் யாத்திரை போனப்ப, அன்றாடம் பேசற சொல் எல்லாம் இருக்கற சின்னப் புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தார்.

பாடம் ஆரம்பிச்சது. போன்லயே. ஸ்பீக்கர்லயே. சௌந்தரம் கேட்டா.

"என்னங்க அது, அண்ணன் ஏதோ மந்திரம் மாதிரி சொல்றார்?"

"வேத பாஷையாம். சொல்லித் தர்றார்."

"நல்ல காரியம்தானே. சும்மா உக்காந்து இருக்கறதுக்கு அது தேவலை."

பாவம், வெகுளின்னு நினைச்சேன்.

வலது பக்கத்துலேருந்து இடது பக்கமா எழுதணும்னார் ஜெக்கரியா. ரிவர்ஸ்ல கும்பகோணம் போற மாதிரி இருந்தது. அதெல்லாம் ஆகாதுன்னு ஒரு நோட்டுல தமிழ் எழுத்துலயே எழுதிக்கிட்டேன். அட்டையில 'டிரிப் ஷீட்'னு போட்டு மறைச்சு வச்சேன். மனப்பாடம் பண்ண நம்ம தொழில் கைகொடுத்தது. ஒரு ஸ்டாப்புக்கு ஒரு சொல். தஞ்சாவூர்ல ஏறினா 'ஷாலோம்', வணக்கம். பசுபதிகோயில் 'கென்', ஆமா. அய்யம்பேட்டை 'லோ', இல்லை. ராஜகிரி 'மத்தோக்', இனிப்பு. பாபநாசம் 'இஷ்தி', என் மனைவி. சுந்தரபெருமாள்கோயில் 'மஹார்', நாளைக்கு. சுவாமிமலை 'அர்பா', நாலு. தாராசுரம் 'ஹயோம்', இன்னைக்கு. கும்பகோணத்துல இறங்கறப்ப 'தொடா', நன்றி.

பாஷையும் ஒண்ணும் அந்நியமா இல்லை. அப்பாவுக்கு 'அபா'வாம். அரிசிக்கு 'ஓரெஸ்'ஸாம். "நம்ம அரிசிதான் கப்பலேறிப் போய் அப்படி ஆச்சுன்னு ஒரு பேச்சு உண்டு"ன்னார் ஜெக்கரியா. நம்ம ஊர் நெல்லு அவ்வளவு தூரம் போயிருக்கு, நான் ராஜகிரி போக முடியலையேன்னு இருந்தது.

பத்து நாள்ல பேச்சு சரளமாயிடுச்சு.

"டிரைவரே, ஷாலோம். மஹார், அர்பா. மத்தோக்?"

"கென், கென். இஷ்தி?"

"இஷ்தி லோ."

அதாவது நாளைக்கு, நாலு மணி, இனிப்பு உண்டா? உண்டு, உண்டு. வீட்டம்மா? அவளுக்குத் தெரியாது. அவர் 'இஷ்தி'ன்னா அவர் மனைவின்னு ஆயிடும்தான். அந்த இலக்கணமெல்லாம் அசோகாவுக்குத் தேவைப்படலை. சௌந்தரம் கீரை ஆஞ்சுக்கிட்டே இதை எல்லாம் கேட்டுக்கிட்டு இருந்தா. மறுநாள் "லைப்ரரிக்குப் போறேன்"னு சொல்லிட்டு பஸ் ஏறினேன். ரெண்டு வெள்ளிக்கிழமை, ரெண்டு அசோகா. அப்பப்பா! ரெண்டாவது தரம் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது.

எங்க வீட்டுல அது பெரிய பூஜை. புத்தகத்தை எல்லாம் அடுக்கி, அதுக்கு முன்னாடி என் விசில், டிக்கெட் பை, அவளோட அங்கன்வாடி சார்ட்டு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வைப்பா. எனக்கோ மனசுல ஒரு உறுத்தல். அந்த வாரம் பாருங்க, அய்யம்பேட்டைக்கு என்ன சொல்லுன்னு ரெண்டு தரம் மறந்துட்டேன். படிக்கற நோட்டைப் பூஜையில வைக்கலைன்னா சரஸ்வதிக்குக் கோபம் வராதா? கத்தது தங்குமா? சின்ன வயசுல கணக்கு நோட்டை வைக்காம விட்டு, அந்த வருஷம் கணக்குல பன்னெண்டு மார்க் வாங்கினவன் நான்.

சௌந்தரம் கோலம் போடற நேரமா பார்த்து, நோட்டை அடுக்குல அடியில, தடியான பஞ்சாங்கத்துக்குக் கீழ சொருகிட்டேன். "தாயே, ஹீப்ருவையும் கவனிச்சுக்கோ"ன்னு வேண்டிக்கிட்டேன். பொய் சொல்லிட்டுப் போய் இனிப்புத் திங்கறதுக்குச் சாமியைத் துணைக்குக் கூப்பிட்ட ஆள் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

பூஜைக்கு வச்ச புத்தகத்தை அன்னைக்குத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி காலையில எடுத்து நாலு வரியாவது படிக்கணும். அன்னைக்கு எதைத் தொடங்கினாலும் நல்லா வருமாம். நான் குளிச்சிட்டு வரதுக்குள்ள சௌந்தரம் அவ பங்குக்குப் படிச்சு முடிச்சிட்டா.

"என்ன படிச்சே?"

"ஏதோ கைக்கு வந்ததை எடுத்துப் படிச்சேங்க. நீங்க படிங்க."

அடுக்கைப் பார்த்தேன். அடியில வச்ச நோட்டு மேல இருந்தது. பூனை கீனை தள்ளியிருக்கும்னு நினைச்சேன். எங்க வீட்டுல பூனை கிடையாதுங்கறது எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுத்தான் ஞாபகம் வந்தது.

அதுக்கப்புறம் எல்லாம் எனக்குச் சாதகமாவே நடந்தது. அதுலயாவது நான் சந்தேகப்பட்டிருக்கணும். ஜெக்கரியா ஒரு நாள் ரகசியமாச் சொன்னார்.

"கண்டக்டரே, இனிமே பஸ்ல வராதீங்க. ரோட்டுல ஓடற கண்டக்டர் அத்தனை பேரும் உங்களுக்குத் தெரிஞ்சவன். எவனாவது வீட்டம்மாகிட்ட உளறிடுவான். நடந்து வாங்க."

"மூணு கிலோமீட்டரா?"

"வாய்க்கால் கரையோட வாங்க. ஆள் நடமாட்டம் இருக்காது. இன்னொண்ணு, பாஷைன்னா தினம் பழகணும். தினமும் வாங்க. மத்தோக் வெள்ளிக்கிழமை மட்டும்."

படிப்புன்னா கஷ்டப்படத்தானே வேணும். தினமும் சாயங்காலம் போக மூணு, வர மூணு. ஐப்பசி மழை கொட்டுது. ரெண்டு பக்கமும் வயல்ல நடவு முடிஞ்சு தண்ணி நிக்குது. ஒரு கையில குடை, ஒரு கையில நோட்டு, "சுவாமிமலை அர்பா, தாராசுரம் ஹயோம்"னு முணுமுணுத்துக்கிட்டே வரப்புல போறேன். களை எடுத்த பொம்பளைங்க என்னைப் பார்த்து ஏதோ வேண்டுதல்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. சௌந்தரம் வேற, நான் கிளம்பறப்ப அவளே குடையை எடுத்துக் கொடுப்பா.

"லைப்ரரிதானே? மெதுவா வாங்க. அவசரம் ஒண்ணும் இல்லை."

அவளும் வெள்ளிக்கிழமை காலையில மகளிர் குழுக் கூட்டம்னு ஒரு தூக்குவாளியோட கிளம்பிடுவா. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் கிடையாதில்ல, ஜம்முனு ஜன்னலோரம் உக்காந்து போவா. முப்பத்தொரு வருஷம் டிக்கெட் கிழிச்சவன் சேத்துல நடக்கறான்.

ஒரே ஒரு குறை. அசோகாவோட ருசி மாறிப்போச்சு.

"என்ன டிரைவரே, நெய் வாசனையே காணோம்?"

"கடையில புது மாஸ்டர்."

"நிறம்கூட ஒரு மாதிரி மஞ்சளா இருக்கே."

"புது மாஸ்டர்னு சொல்றேன்ல."

"தித்திப்பு நாக்குக்குப் பின்னாடி வந்து நிக்குது."

ஜெக்கரியா மோட்டுவளையைப் பார்த்தார். "கண்டக்டரே, தொடா சொல்லிட்டுச் சாப்பிடுங்க. ஒளிச்சுத் திங்கறதுல ருசி பார்க்கக் கூடாது."

நியாயம்தான்னு சாப்பிட்டேன். அஞ்சாறு வாரத்துல அதுவும் பிடிச்சுப் போச்சு.

மார்கழி வந்தது. டெஸ்ட்டுக்கு முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கலை. எட்டு வெள்ளிக்கிழமைக்கு மேல இனிப்புத் தின்னவன் நான். ரத்தம் பொய் சொல்லுமா? எண் ஒன்பதைத் தாண்டும், சௌந்தரம் கத்தமாட்டா, பேசாம உக்காந்திருப்பா. எல்லாத்தையும் ஒத்துக்கிடலாமான்னுகூட வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

டாக்டர் பேப்பரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு மறுபடியும் பார்த்தார். "ஆறு புள்ளி ஏழு. எடையும் அஞ்சு கிலோ குறைஞ்சிருக்கு. என்ன சார் பண்ணீங்க?"

"மனக்கட்டுப்பாடு சார்"ன்னேன்.

சௌந்தரம் இருமினா.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலை கால் புரியலை. இவளையும் ஏமாத்தியாச்சு, டாக்டரையும் ஏமாத்தியாச்சு, சர்க்கரை வியாதியையே ஏமாத்தியாச்சு! உடனே ஜெக்கரியாவுக்குப் போனைப் போட்டேன். ஸ்பீக்கர்லதான்.

"டிரைவரே, ஷாலோம்! மஹார். அர்பா. மத்தோக், மத்தோக்! இஷ்தி லோ!"

அந்தப் பக்கம் "கண்டக்டரே... அது வந்து..."ன்னு இழுக்கறார். அப்ப சமையக்கட்டுலேருந்து, இருபத்தெட்டு வருஷம் பிள்ளைங்களை அதட்டின குரல் கணீர்னு வந்தது.

"மஹார் லோ. ஹயோம்."

நாளைக்கு இல்லை. இன்னைக்கு.

போன் தானா கட் ஆச்சு. ஜெக்கரியா பிரேக் பிடிச்சுட்டார்னு புரிஞ்சது. சௌந்தரம் ரெண்டு கையிலும் சாமானோட வந்து எதிர்ல உக்காந்தா. ஒரு கையில வாழையிலைப் பொட்டலம். இன்னொரு கையில அந்தத் தூக்குவாளி.

"உ... உனக்கு எப்படி..."

"விஜயதசமி அன்னைக்குக் கைக்கு வந்ததைப் படிச்சேன்னு சொன்னேனே. நாலு வரி படிக்கணும்னு எடுத்தேன், நோட்டு பூராவும் படிச்சிட்டேன். நேரா அண்ணன் வீட்டுக்குப் போய் நின்னேன்."

"ஜெக்கரியா என்னைக் காட்டிக் கொடுத்துட்டாரா?"

"பாவம், அவரைச் சொல்லாதீங்க. ஒரு விசில்தான் அடிச்சேன்."

"அப்ப நான் தின்ன அசோகா?"

தூக்குவாளியைத் திறந்தா. மஞ்சளா, பின்னாடி வந்து நிக்கிற தித்திப்போட அதே பண்டம். "பாசிப்பருப்பு கொஞ்சம், மஞ்சள் பூசணிக்காய் நிறைய. சீனிக்குப் பதிலா, சர்க்கரையை ஏத்தாத சீனித்துளசி. நெய் ஒரே ஸ்பூன். வாராவாரம் காலையில கிண்டி எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டு வருவேன்."

"அந்த நடை?"

"நடங்கன்னு நான் சொன்னா நடந்திருப்பீங்களா?"

அவ பொட்டலத்தை என் பக்கம் தள்ளினா.

"ஏழுக்குக் கீழ வந்தா என் கையாலயே வாங்கித் தரேன்னேனில்ல? காலையிலயே ஆள் விட்டுத் திருவையாத்துலேருந்து வரவழைச்சேன். அசல் அசோகா. சாப்பிடுங்க."

"ரிசல்ட் வரதுக்கு முன்னாடியேவா?"

"என் சமையல் மேல எனக்கு நம்பிக்கை இருந்துச்சு." சொல்லிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "ஆறு புள்ளி ஏழுங்க. மாமாவுக்கு ஒரு தரம்கூட அப்படி வந்ததில்லை."

எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. வெக்கமா ஒரு பக்கம், சந்தோஷமா ஒரு பக்கம். பொட்டலத்தைப் பிரிச்சேன். நெய் மினுமினுக்குது. மூணு மாசக் கனவு. ஒரு விள்ளல் எடுத்து வாயில போட்டேன்.

ஐயோ. தித்திப்பு தாங்கலை. பல் கூசுது, நெய் திகட்டுது, நெஞ்சைக் கரிக்குது. முழுங்க முடியாம முழுங்கினேன். சௌந்தரம் கன்னத்துல கை வச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கா.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. வந்து... அந்தத் தூக்குவாளியை இப்படிக் கொஞ்சம் தள்ளேன்."

சிரிக்கலை அவ. பூசணிக்காய் அசோகாவை எடுத்துக் கிண்ணத்துல வச்சா. நான் சொல்லாம எப்படி இருக்கறது, "தொடா"ன்னேன்.

"லப்ரியூத்"ன்னா.

என் பாட்டுக்கு ஒன்பது ஸ்டாப்பையும் மனசுல ஓட்டிப் பார்த்தேன். தஞ்சாவூர்லேருந்து கும்பகோணம் வரைக்கும் அப்படி ஒரு சொல்லே ஏறலை.

"அது என்ன? நோட்டுல இல்லையே."

"கடைசிப் பக்கத்தைப் பாருங்க."

நோட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். வலது பக்கத்துலேருந்து இடது பக்கமா, ஜெக்கரியா புத்தகத்துல அச்சடிச்ச மாதிரியே நிஜ ஹீப்ரு எழுத்து. பக்கத்துலயே தமிழ்ல அர்த்தம். நூத்திப் பதினாறு சொல். கடைசிச் சொல்லுக்கு நேரா, 'லப்ரியூத் - உடம்புக்கு நல்லது செய்யட்டும்'. என் பக்கத்தைத் திருப்பினா அங்கங்க புதுசா சிவப்பு மை. கீழ, அங்கன்வாடிப் பிள்ளைங்களுக்குப் போடற மாதிரியே கட்டம் கட்டி எழுதியிருந்தா.

'மாணவர் பெயர்: நீலமேகம். பாடம்: சுமார். நடைப்பயிற்சி: மிக நன்று. உணவுப் பழக்கம்: திருந்தி வருகிறார்.'

அதுக்கும் கீழ 'பெற்றோர் கையொப்பம்'னு ஒரு கோடு. அதுலயும் அவளே கையெழுத்துப் போட்டிருந்தா.